லிஃப்ட் மேலே கிளம்பும்போது எடை கூடுகிறது, நடுவில் கூடவில்லை, நிற்கும்போது குறைகிறது. அந்த மூன்று கிலோ எங்கிருந்து வருகிறது?

மாலைவகுப்பு_கோவை | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் என் வீட்டிலேயே மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லித்தருகிறேன். ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். இயக்க விதிகள் பாடத்தில் ‘தோற்ற எடை’ என்று ஒரு பகுதி வரும். அங்கேதான் போன வாரம் மாட்டிக்கொண்டேன்.

வழக்கமாக நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்வேன். லிஃப்ட் மேலே போனால் எடை கூடும், கீழே போனால் குறையும், கயிறு அறுந்தால் எடையே இருக்காது. பரீட்சைக்கு முதல் நாள் புரட்டிப் பார்க்க வசதியாக இருக்கும் என்று சுருக்கிய வரி. இந்த முறை அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண் கை தூக்கினாள். “அக்கா, நான் தினமும் உங்க லிஃப்ட்லதான் அஞ்சாவது மாடிக்கு வரேன். கிளம்புறப்ப மட்டும்தான் கால் அழுத்துது. நடுவுல ஒண்ணுமே தெரியலையே?”

என் மாமியார் வைத்திருந்த பழைய எடை மெஷின் ஒன்று பரணில் கிடந்தது. முள் சுற்றும் வகை. அதை இறக்கித் துடைத்து, இன்று மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து லிஃப்ட்டுக்குள் வைத்தோம். அந்தப் பெண்ணையே ஏறி நிற்கச் சொன்னேன். இன்னொரு பையன் குனிந்து முள்ளை மட்டும் போனில் வீடியோ எடுத்தான்.

கதவு மூடி லிஃப்ட் நிற்கும்போது 42. கிளம்பியதும் முள் துள்ளி 45 வரை போய் நடுங்கியது. முதல் மாடி வருவதற்கு முன்பே 42-க்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று மாடிகள் கடந்தன, முள் அசையவே இல்லை. ஐந்தாவது மாடியை நெருங்கும்போது 39-க்கு இறங்கியது. நின்றதும் மறுபடி 42.

இறங்கும்போது அப்படியே தலைகீழ். கிளம்பும்போது 39, நடுவில் 42, தரைத்தளம் வந்து நிற்கப்போகும் நேரத்தில் 45. கீழே போகிற லிஃப்ட்டில் எடை கூடியதைக் கண்ணால் பார்த்ததும் என் நோட்டில் இருக்கும் வரி பாதி தப்பு என்று புரிந்துவிட்டது. ஆறு வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மனசை அரிக்கிறது.

சூத்திரம் எனக்குத் தெரியும். நடுவில் சீரான வேகம், அதனால் முடுக்கம் சுழி, அதனால் எடை மாறவில்லை என்பதையும் விளக்கிவிட்டேன். நான் திணறியது அடுத்து அவள் கேட்டதற்கு. “அந்த ரெண்டு செகண்ட் மட்டும் பூமி என்னைக் கூடுதலா இழுக்குதா அக்கா?” இல்லை, அது வெறும் தோற்றம்தான் என்றேன். “முள்ளு நிஜமாத்தானே நகர்ந்துச்சு? காலும் நிஜமாத்தானே அழுத்துச்சு? அப்புறம் எப்படித் தோற்றம்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நாளை மறுநாள் வகுப்பு. அவளுக்கு நேர்மையான ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கூடவே இரண்டு சின்னச் சந்தேகங்கள். வீட்டில் இருக்கும் கண்ணாடி டிஜிட்டல் மெஷினை வைத்துப் பார்த்தபோது 42.1 என்று காட்டிவிட்டு, லிஃப்ட் என்ன செய்தாலும் மாறாமல் அப்படியே நின்றது. அது ஏன்? இன்னொரு பையனின் அப்பா காய்கறிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு தட்டு வைத்த தராசை லிஃப்ட்டில் தூக்கிப் பிடித்தால் சாயுமா என்று அவன் கேட்கிறான்.

---

பாலிடெக்னிக்_டைரி | ஞாயிறு, இரவு 10.15

உங்கள் வீடியோவில் இருந்தே லிஃப்ட்டின் முடுக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 42-க்கு 3 கூடியிருக்கிறது. 3-ஐ 42-ஆல் வகுத்து 9.8-ஆல் பெருக்குங்கள். 0.7 வருகிறது. நொடிக்கு நொடி வேகம் 0.7 மீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. ஐந்து மாடி அபார்ட்மென்ட் லிஃப்ட் பெரும்பாலும் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தை எட்ட ஒன்றரை நொடி போதும். முதல் மாடிக்கு முன்பே முள் திரும்பியதற்குக் காரணம் அதுதான். நிற்கும்போதும் அதே அளவு குறைந்து 39-க்குப் போனதால், கிளம்புவதும் நிற்பதும் ஒரே சீராக இருக்கும்படி அந்த லிஃப்ட்டை அமைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அந்த மாணவியிடம், உண்மையான எடை மாறவில்லை, லிஃப்ட்டுக்குள் இருப்பதால் போலி விசை ஒன்று சேர்வதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

---

கயிறும்_கப்பியும் | திங்கள், காலை 6.20

டீச்சரம்மா, நான் சென்னையில் லிஃப்ட் மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதுமாக 27 வருடம் வேலை செய்தவன். ஐ.டி.ஐ. படிப்புதான். உங்கள் மாணவி கேட்ட கேள்வியை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் மூத்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அதனால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. மேலே தம்பி போட்ட கணக்கு சரி. ஆனால் போலி விசை என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிடாதீர்கள். அவள் காலில் பட்ட அழுத்தம் போலி இல்லை.

புது லிஃப்ட்டை ஒப்படைக்கும் முன் பாரம் ஏற்றிப் பார்ப்போம். அதற்கு 20 கிலோ இரும்பு எடைக்கற்களைக் காருக்குள் அடுக்குவோம். (நாங்கள் லிஃப்ட் பெட்டியைக் ‘கார்’ என்போம்.) ஒரு நாள் கல்லைக் கீழே வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லின் தலையில் ஒரு இரும்பு வளையம் இருக்கும், விரல் நாலு நுழையும். லிஃப்ட் மேலே கிளம்பியதும் அந்த வளையம் விரலை அறுத்தது. நாலு விரலிலும் வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு சிவந்தது. இரண்டு நொடியில் வலி குறைந்து பழைய கனத்துக்கு வந்துவிட்டது. மேலே நிற்கும்போது கல்லை யாரோ அடியில் தாங்கிப் பிடித்த மாதிரி லேசானது. என்ன அண்ணே இது, கல்லு கனக்குது, லேசாகுது என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “கல்லு அதே கல்லுதான்டா. அதை மேலே கிளப்பணும்னா உன் கை கூடுதலா இழுக்கணும். உன் விரல்ல தெரியுறது பூமி இழுக்கிறது இல்ல, உன் கை இழுக்கிறது.”

உங்கள் மாணவிக்கும் அதேதான் பதில். அவள்மீது இரண்டு விசை. பூமி கீழே இழுக்கிறது. அவள் காலடியில் இருக்கும் தளம் மேலே தள்ளுகிறது. பூமியின் இழுப்பு 42 பெருக்கல் 9.8, ஏறத்தாழ 412 நியூட்டன். லிஃப்ட் நின்றாலும் ஓடினாலும் அதில் ஒரு இம்மிகூட மாறாது. நிற்கும்போது தளமும் 412 தள்ளுகிறது, சரிக்குச் சரி. கிளம்பும்போது அவள் உடம்பையும் சேர்த்து மேலே ஓடவைக்க வேண்டும். சரிக்குச் சரியாகத் தள்ளினால் அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். அதனால் தளம் 441 தள்ளுகிறது. அந்தக் கூடுதல் 29 நியூட்டன்தான் மெஷினில் மூன்று கிலோவாகத் தெரிந்தது. அது பூமியிடமிருந்து வரவில்லை. மோட்டார் கப்பியைச் சுற்றி, கப்பி கயிற்றை இழுத்து, கயிறு காரைத் தூக்கி, கார் தளம் எடை மெஷினைத் தள்ளி, மெஷின் அவள் காலைத் தள்ளியது. முழுப் பாரத்தோடு மேலே கிளம்பும்போது டிரைவ் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) திரையில் ஆம்பியர் ஏறுவதையும், ஓட்டம் சீரானதும் இறங்குவதையும் மெஷின் ரூமில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எடை மெஷினுக்கு பூமி இழுப்பதைப் பார்க்க வழியே கிடையாது. தன்மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நம் காலுக்கும் அப்படித்தான். வீட்டில் தரையில் வைத்து எடை பார்க்கும்போதும் அது காட்டுவது தரை நம்மைத் தள்ளும் விசையைத்தான். அங்கே இரண்டும் சமமாக இருப்பதால் நாம் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. ‘தோற்ற எடை’ என்கிற பெயரைக் கேட்டால் கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தளம் தள்ளும் விசை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குக் குழப்பமே வராது.

இந்த விஷயம் எங்கள் தொழிலில் காசும் தூக்கமும் செலவாகிற விஷயம். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

உங்கள் லிஃப்ட்டில் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், பாருங்கள். 6 பேர் 408 கிலோ, அல்லது 8 பேர் 544 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. அதற்கு மேல் ஏறினால் பஸ்ஸர் அடிக்கும், கதவு மூடாது. அந்தப் பாரத்தை அளக்கும் சென்சாரைச் சில லிஃப்ட்டில் கார் தளத்துக்கு அடியில் வைப்பார்கள். சிலவற்றில் காருக்கு மேலே, கயிறு வந்து கட்டும் இடத்தில் வைப்பார்கள். பல வருடம் முன்பு ஒரு கட்டடத்தில் இப்படிக் கயிற்றுக்கட்டில் சென்சார் வைத்த 8 பேர் லிஃப்ட். புகார் விசித்திரமாக இருந்தது. ஆள் நிறைய ஏறினால் கதவு மூடுகிறது, ஆனால் மேலே கிளம்பியதும் பஸ்ஸர் கத்தி லிஃப்ட் நின்றுவிடுகிறது. கீழே வரும்போது வழி முழுக்க ஒன்றும் இல்லை, தரைத்தளத்தில் நிற்கப்போகும் நேரத்தில் கத்துகிறது. எனக்கு முன்னால் போன இரண்டு பேர் சென்சாரை மாற்றிப் பார்த்தார்கள், வயரை மாற்றிப் பார்த்தார்கள். சரியாகவில்லை.

நான் கார் டாப்பில் ஏறி உட்கார்ந்து அளவைக் குறித்தேன். பஸ்ஸர் 598 கிலோவில் அடிக்கும்படி வைத்திருந்தார்கள், அதாவது 544-க்கு மேல் பத்து சதவீதம். உள்ளே ஏறியவர்கள் 520 கிலோ சுமார். எல்லாம் வரம்புக்குள். ஆனால் கயிறு தாங்குவது ஆட்களை மட்டும் இல்லையே. வெறும் காரே 700 கிலோ. ஆக மொத்தம் 1,220. அந்த லிஃப்ட்டின் முடுக்கம் 0.8. 1,220-ஐ 0.8-ஆல் பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100 கிலோ. கிளம்பும் நேரத்தில் கயிற்றுக்கட்டில் 100 கிலோ கூடுதலாகத் தெரிகிறது. சென்சாரோ காரின் 700-ஐக் கழித்துவிட்டு மீதி எல்லாம் ஆள் என்று எண்ணிக்கொள்கிறது. 520-ம் 100-ம் 620. பஸ்ஸர் அடித்தது நியாயம்தான்.

கீழே வந்து நிற்கும்போதும் அதே கதை. கீழ்நோக்கி ஓடும் காரைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கயிறு மேல்நோக்கிக் கூடுதலாக இழுக்க வேண்டும். உங்கள் வீடியோவில் தரைத்தளத்துக்கு வரும்போது 45 காட்டியது இதேதான். சென்சாரில் கோளாறே இல்லை. பாரத்தை லிஃப்ட் நிற்கும்போது, கதவு திறந்திருக்கும்போது மட்டும் பார், ஓடும்போது பார்க்காதே என்று கண்ட்ரோல் போர்டில் ஒரு செட்டிங் விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டேன். அதற்கு மேல் புகார் வரவில்லை. அன்றைக்கு மட்டும் என் மூத்தவர் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பியின் மறுபக்கம் கவுன்டர் வெயிட் தொங்குகிறது. கார் எடையும், பாதிப் பாரமும் சேர்ந்த அளவு. மேலே சொன்ன லிஃப்ட்டில் 972 கிலோ. கார் மேலே கிளம்பும் அதே நொடியில் அது கீழே கிளம்புகிறது. அதனால் அந்தப் பக்கத்துக் கயிற்றில் இழுவை குறைந்து 893 கிலோ அளவுக்கு வந்துவிடும். இந்தப் பக்கம் 1,320. கயிறு கப்பியில் கட்டப்பட்டிருக்கவில்லை, பள்ளத்தில் பதிந்து பிடிமானத்தில்தான் ஓடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அளவுக்கு மீறினால் வழுக்கும். முடுக்கத்தைக் கண்டபடி ஏற்றிவைக்கக் கூடாது என்பதற்கு அது ஒரு காரணம். வயசானவர்களுக்கு முழங்கால் மடங்கும், நெஞ்சு திக்கென்று இருக்கும் என்பது இன்னொரு காரணம். இப்போதைய டிரைவ்களில் முடுக்கத்தையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க முடியும். பழைய இரண்டு வேக மோட்டார் லிஃப்ட்டில் கிளம்பும்போதே ஒரு உதை விழும், கை தானாகக் கம்பியைத் தேடும். அந்த லிஃப்ட்டில் உங்கள் மெஷினை வைத்திருந்தால் முள் இன்னும் வேகமாகத் துள்ளியிருக்கும்.

வேகம் எவ்வளவு என்பது இதில் கணக்கே இல்லை. துபாய் புர்ஜ் கலீஃபாவில் லிஃப்ட் நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. அதில் நடுவழியில் எடை பார்த்தாலும் அந்தப் பெண் 42 தான்.

தராசு சாயாது. தட்டில் இருக்கும் எடைக்கல்லுக்கும் காய்க்கும் ஒரே விகிதத்தில் கூடும், ஒரே விகிதத்தில் குறையும். தராசு ஒன்றையொன்று ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். பிடித்திருப்பவர் கைக்கு மட்டும் கனம் தெரியும். டிஜிட்டல் மெஷின் ஏறி நின்றதும் எண் நிலைப்படும்வரை காத்திருந்து, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் இறங்கி ஏறும்வரை மாற்றாது. அதனால்தான் 42.1-லேயே நின்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘கயிறு அறுந்தால்’ என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, லிஃப்ட்டில் ஒற்றைக் கயிறு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாலைந்து கயிறு இருக்கும். அத்தனையும் போனாலும் வேகம் வரம்பைத் தாண்டியதும் காருக்கு அடியில் இருக்கும் பிடி, இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். 1854-ல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் தானே மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லி ஊருக்கே காட்டியது இப்படியொரு பிடியைத்தான். அந்த வரியைக் கேட்டுவிட்டு லிஃப்ட்டில் ஏறப் பயப்படும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

அலைவரிசை | திங்கள், மதியம் 1.05

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அலுவலக லிஃப்ட்டில் போனைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதில் புவியீர்ப்பையும் சேர்த்து முடுக்கம் காட்டும் சோதனையைத் திறந்தால் கோடு வரைபடமாகவே ஓடும். சும்மா மேசைமேல் கிடக்கும்போது 9.8 காட்டும். லிஃப்ட் கிளம்பும்போது ஒரு மேடு, நடுவில் நீளமான சமவெளி, நிற்கும்போது ஒரு பள்ளம். இறங்கும்போது முதலில் பள்ளம், கடைசியில் மேடு. உங்கள் பிள்ளைகள் கரும்பலகையில் வரைய அருமையான படம்.

இதிலேயே அந்த மாணவியின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சும்மா கிடக்கும் போன் ஏன் 9.8 காட்ட வேண்டும்? அது அசையவே இல்லையே? காரணம், போனுக்குள் இருக்கும் சென்சாரும் எடை மெஷின் மாதிரிதான். மேசை தன்னை எவ்வளவு தள்ளுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கெட்டியான மெத்தைமேல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போனை விட்டால், விழும் அந்த அரை நொடிக்குக் கோடு சுழிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பூமி அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால்தானே விழுகிறது. தள்ள யாரும் இல்லை, அதனால் சுழி.

ஐன்ஸ்டைன் 1907-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டதும் இந்த இழைதான். விழுந்துகொண்டிருக்கும் மனிதனுக்குத் தன் எடை தெரியாது என்ற எண்ணம். தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பின்னாளில் சொன்னார். பொதுச் சார்பியலுக்குப் போகும் வழி அங்கிருந்துதான் தொடங்கியது. ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் நிற்பவரால், கீழே பூமி இழுக்கிறதா, இல்லை பெட்டியே மேல்நோக்கி முடுக்கம் பெறுகிறதா என்று எடை மெஷினை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. “நிஜமாத்தானே அழுத்துச்சு” என்று உங்கள் மாணவி விடாமல் கேட்டாளே, அவள் சரியான இடத்தில்தான் நிற்கிறாள். அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

விண்வெளி நிலையத்தில் மிதக்கிறவர்களுக்கும் ஈர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.7 இருக்கிறது, தரையில் இருப்பதில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம். நிலையமும் அவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறார்கள், காலைத் தள்ளத் தளம் இல்லை. ஜெர்மனியின் பிரெமன் நகரத்தில் இதற்காகவே ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் சோதனைப் பெட்டியை 110 மீட்டர் விழவிடுவார்கள். 4.74 நொடி எடையற்ற நிலை கிடைக்கும். அந்த நாலே முக்கால் நொடிக்காக விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் தயாராகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டுமானால் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, மூடியைத் திறந்து, ஒழுகும்போதே கீழே விடுங்கள். விழும்போது என்ன ஆகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

---

மாலைவகுப்பு_கோவை | புதன், இரவு 9.10

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றைய வகுப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

காய்கறிக்கடைப் பையன் அப்பாவிடம் கேட்டுத் தட்டுத்தராசை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துவந்தான். ஒரு தட்டில் ஒரு கிலோ இரும்புக்கல், மறு தட்டில் சின்ன வெங்காயம். ஒவ்வொரு வெங்காயமாகப் போட்டு, கடைசியில் அரை வெங்காயத்தை நறுக்கிப் போட்டு முள்ளை நேராக நிறுத்தினான். அதற்கே பத்து நிமிடம் ஆனது. லிஃப்ட் கிளம்பியதும் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டுகள் லேசாக ஆடின, முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. “கை இழுக்குது அக்கா, முள்ளு நகரல” என்றான். அண்ணா எழுதிய அதே வார்த்தை. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டில் சோதனையை மாடிப்படியில் செய்தோம். ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டேன். தண்ணீர் விரல் பருமனுக்கு வளைந்து கொட்டிக்கொண்டிருந்தது. முதல் மாடியிலிருந்து கீழே வைத்த வாளியைக் குறிபார்த்து விட்டான் ஒருவன். பாட்டில் வாளியில் விழவில்லை, தரையில் விழுந்து உருண்டது. ஆனால் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது யாரும் பேசவில்லை. கையை விட்டு விலகிய கணத்தில் தண்ணீர்க் கம்பி அறுந்துவிட்டது. விழும் தூரம் முழுக்க ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. தரையில் மோதியதும் மறுபடி கொட்டியது. நாலு முறை ஓட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்தப் பெண்ணிடம் 412-ம் 441-ம் எழுதிக் காட்டினேன். இரண்டு அம்புக்குறியும் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப நான் இப்ப உட்கார்ந்திருக்கேனே, இதுலயும் தரை என்னைத் தள்ளிட்டுத்தான் இருக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

ஒன்பது நோட்டிலும் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, முடுக்கம் மேல்நோக்கி இருந்தால் தளம் கூடுதலாகத் தள்ளும், கீழ்நோக்கி இருந்தால் குறைவாகத் தள்ளும், லிஃப்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முக்கியமில்லை என்று எழுதவைத்தேன். கயிறு அறுவது பற்றிய பகுதியில் தண்டவாளத்தைக் கவ்வும் பிடியைப் பற்றியும் சொன்னேன். பழைய மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் திருத்தத்தைப் போட்டுவிட்டேன். சிலர் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள், ஆனாலும் போட்டேன்.

அண்ணா, ஒன்று மட்டும் கேட்கிறேன். லிஃப்ட் ஓடும்போது எடை மெஷின்மேல் நின்று குதித்துப் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். விடலாமா?

---

கயிறும்_கப்பியும் | வியாழன், காலை 6.05

வேண்டாம் டீச்சரம்மா. குதித்தால் கார் ஆடும். அந்த ஆட்டத்தில் பாதுகாப்புப் பிடியோ அதன் சுவிட்சோ வேலை செய்துவிட்டால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். சர்வீஸ் ஆள் வந்து எடுத்துவிடும்வரை பிள்ளைகள் உள்ளேயே இருக்க வேண்டும். குதிக்கும் சோதனையைத் தரையிலேயே செய்யச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி எழும்பும்போது முள் எப்படி ஏறுகிறது, குனியும்போது எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் போதும், லிஃப்ட்டில் நடப்பது அதில் அப்படியே இருக்கிறது.

லிஃப்ட்டில் மறுபடி செய்வதாக இருந்தால் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, தகட்டில் போட்டிருக்கும் ஆட்களுக்கு மேல் ஏறாமல் செய்யுங்கள். கதவைக் கையாலோ காலாலோ தடுத்து நிறுத்த வேண்டாம், பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தத் தராசுப் பையனிடம், நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.